சொல்தா வீட்டுத் தொட்டியும் புரட்டாசி மாதமும்

எழுதிப் பழக்கமில்லாதவன் எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பத்தாவது வரைதான் படித்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். உங்களில் சிலர் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு இந்த மீன் தொட்டித் தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் இத்தனை நாள் சும்மா இருந்தேன்.

போன வாரம் நம் வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். உப்புத் தண்ணீர்த் தொட்டி, மணல்மேல் பழுப்பாகச் சளி மாதிரி ஒன்று படர்ந்திருந்தது. "இதுக்கு என்ன மருந்துண்ணே?" என்று கேட்டிருந்தார். கொஞ்ச நேரத்துக்குள் ஆளுக்கொரு மருந்து சொல்லிவிட்டீர்கள். நானும் ஏதோ தட்டினேன், அழித்தேன், மறுபடி தட்டினேன். எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது மருந்துப் பேர் இல்லை. அதனால் அது குழுவில் போடுகிற அளவுக்குள் அடங்கவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: புதுச்சேரியில் வீடு வீடாகப் போய் கடல் மீன் தொட்டி பராமரிக்கும் வேலையைப் பல வருஷம் செய்தேன். உப்புத் தண்ணீரிலேயே இருந்து கைத்தோல் வெடித்து, டாக்டர் இனிமேல் தொடக் கூடாது என்று சொன்ன பிறகு விட்டுவிட்டேன்.

முதலியார்பேட்டையில் ஒரு வீடு. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்த அரசாங்கத்துப் பென்ஷனில் இருப்பவர்களை நம் ஊரில் சொல்தா என்பார்கள். அந்தத் தெருவில் ஆட்டோக்காரரிடம் சொல்தா வீடு என்றால் நேரே அங்கே கொண்டுபோய் விடுவார். ஐயாவும் அம்மாவும் மட்டும்தான் இருந்தார்கள். ஒரே பையன் பிரான்சில். அவன்தான் ஒரு தடவை வந்தபோது அப்பாவுக்காக அந்தத் தொட்டியை வைத்துவிட்டுப் போனான். நாலடித் தொட்டி. ஒரு ஜோடி ஆரஞ்சுக் கோமாளி மீன், கொஞ்சம் நத்தைகள், கல்லில் ஒட்டிய பவளம் இரண்டு மூன்று. அவ்வளவுதான்.

நான் சொல்கிற புரட்டாசிக்கு முந்தைய தையில் ஐயாவுக்கு பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் போயிற்று. எப்படிப் போயிற்று என்றால், தமிழ் முழுசாகப் போய்விட்டது, பிரெஞ்சில் மட்டும் ஏழெட்டு வார்த்தை நின்றது. கேட்டால் எல்லாம் புரியும். படிக்கவும் படிப்பார். சொல்லத்தான் வராது. நான் போனால் வணக்கத்துக்கு "பொன்ழூர்" என்பார். ஆமாம் என்றால் "உய்", வேண்டாம் என்றால் "நோன்". கோபம் வந்தால் ஒரு வார்த்தை சொல்வார், "மெர்த்" என்று. நான் ஒரு நாள் அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"அது கெட்ட வார்த்த தம்பி, உட்டுடு" என்றார். "நல்ல வார்த்த எல்லாம் போயிடுச்சி, இது மட்டும் பத்திரமா இருக்குது பாரு."

ஐயா காலை பத்து மணிக்கு நாற்காலியில் தொட்டி முன்னால் உட்காருவார். இடது கை விரலைக் கண்ணாடியில் வைத்து மெதுவாக நகர்த்துவார். ஜோடியில் பெரியது, பெண் மீன், விரல் போகிற பக்கமெல்லாம் வரும். பயிற்சி கொடுக்க வருகிற பெண் எத்தனை கெஞ்சினாலும் எந்தக் கையையும் தூக்காதவர், அந்த மீனுக்காக மேலே கீழே என்று ஒரு மணி நேரம் தூக்குவார். அம்மா என்னிடம் அதிகம் பேச மாட்டார். அதை மட்டும் சொல்லியிருந்தார்: "அது ரெண்டும் இருக்கணும் தம்பி. வேற எதுக்கும் அவரு கைய அசைக்கறதில்ல."

புரட்டாசி பிறந்து ஒரு வாரம் இருக்கும். மணலில் பழுப்புத் தூள் மாதிரி தெரிந்தது. புதுத் தொட்டிகளில் வருகிற மண்பாசி என்று நினைத்து உறிஞ்சி எடுத்தேன், தண்ணீரில் கால் பங்கு மாற்றினேன். தொட்டி பழசாயிற்றே, இப்போது எதற்கு இது வரும் என்று தோன்றியது. தோன்றினதை அப்படியே விட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்துப் போனால் இரண்டு மடங்கு. இப்போது தூளாக இல்லை, சளி மாதிரி நூல் நூலாக நின்றது. நூல் நுனியில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழி. கடல் தண்ணீர் நமக்குப் படகுக்காரர் கேனில் கொண்டுவருவது. மழை ஆரம்பித்திருந்ததால் ஆற்றுத் தண்ணீர் கலந்துவிட்டதோ என்று அவரைச் சந்தேகப்பட்டேன். அவர் இன்னும் தூரம் போய் மொண்டு வந்தார். அதையும் மாற்றினேன். பாசிக்குச் சாப்பாடு இல்லாமல் செய்ய தண்ணீரில் இருக்கிற சத்தை இழுத்துக்கொள்கிற உறிஞ்சி மருந்தும் ஃபில்டரில் போட்டேன். கழிவுச் சத்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க நைட்ரேட் சோதனை செய்தேன். குழாயில் நிறமே வரவில்லை. வெறும் தண்ணீர் மாதிரி நின்றது. நான் சந்தோஷப்பட்டேன். இவ்வளவு சுத்தமான தண்ணீரை நான் அதற்கு முன் எந்த வீட்டிலும் பார்த்ததில்லை.

சுத்தமாக ஆக ஆக அது அதிகமாயிற்று. காலையில் போனால் குறைந்த மாதிரி இருக்கும், மத்தியானம் போனால் கம்பளி போர்த்தின மாதிரி இருக்கும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வீட்டுக்கு வந்தால் என் மனைவி, "தொட்டியப் பத்தி ரோசன பண்ணா சாப்புடறப்ப பண்ணாத, ரசத்த மோர்ல ஊத்திக்கினு இருக்க" என்பாள். அவள் சொன்ன பிறகுதான் தட்டைப் பார்ப்பேன்.

பிறகு இது சிவப்புச் சளிப்பாசியின் இன்னொரு வகையாக இருக்கும் என்று முடிவு செய்தேன். அதற்கு மூன்று நாள் தொட்டியை இருட்டாக்குவது என்று ஒரு வழி உண்டு, உங்களுக்கும் தெரியும். கறுப்புத் துணி கொண்டுபோனேன். அம்மா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"பெருமாள் மாசத்துல, சீக்காளி இருக்கற வூட்டுல, கறுப்பா? எடுத்துக்கினு போ தம்பி."

கடைசியில் ஐயாவின் பழைய பட்டாளத்துக் கம்பளி ஒன்றை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதைப் போட்டு மூடினேன். பத்து மணிக்கு ஐயாவைக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அவர் கம்பளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கைத்தடியால் தரையில் தட்டினார். அந்த வார்த்தையைச் சொன்னார். மறுபடி சொன்னார். நான் தலை குனிந்து நின்றேன். இரண்டாம் நாள் அவர் சாப்பிடவில்லை என்று அம்மா போன் செய்தார். போய் எடுத்துவிட்டேன். உள்ளே நத்தைகள் மல்லாந்து கிடந்தன, நாலைந்து. பெரிய மீன் ஒரு மூலையில் வாயை வேகமாகத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஐயா விரலை வைத்தார். அது வரவில்லை.

இந்த இடத்தில்தான் நான் வழக்கமாக இன்னொரு மருந்தைப் போட்டிருப்பேன். மேற்கொண்டு எதுவும் செய்யாமல் கை நின்றது புத்தியால் இல்லை, பயத்தால். எதிரில் இருப்பது என்ன ஜந்து என்றே தெரியாமல் இரண்டு வாரமாக அதோடு சண்டை போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

நெல்லித்தோப்பில் எங்கள் தெருமுனையில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம் உண்டு. அங்கே பரிசோதனை செய்கிற பெண்மணியை எனக்குப் பார்த்துப் பழக்கம், பேசிப் பழக்கம் இல்லை. அவரிடம் மைக்ராஸ்கோப் இருப்பது தெரியும். சளியைக் கொஞ்சம் உறிஞ்சி ஒரு சின்ன பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனேன். வரிசையில் எல்லோர் கையிலும் அதே மாதிரி பாட்டில் இருந்தது. என் முறை வந்தது. அவர் தலை நிமிராமல் எழுதினார்.

"பேஷண்ட் பேரு?"

"தொட்டி" என்றேன்.

"என்னாது?" நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தார். "யாருதுண்ணே இது? இந்தக் கலர்ல போனா ஆளு இந்நேரம் இருக்க மாட்டாரே?"

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் திரும்பிப் போய்விடலாம் என்று ஒரு அடி வைத்தேன். என்ன தோன்றியதோ, "மீன் தொட்டி மேடம். மீன் சாவுது. ஒரு தடவ மைக்ராஸ்கோப்ல பாத்துச் சொல்லுங்க" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். வரிசை முடிகிற வரை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

ஒரு சொட்டை வைத்துப் பார்த்தவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"அண்ணே, இது உயிரோட இருக்குது. எள்ளு மாதிரி இருக்கு ஒவ்வொண்ணும். ஒரு முனையப் புடிச்சிக்கினு சுத்திச் சுத்தி வருது பாருங்க."

நானும் பார்த்தேன். முளையில் கட்டின மாடு மாதிரி ஒவ்வொன்றும் நின்ற இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சிவப்புச் சளி என்றால் அசையாத நூலாகத் தெரியும். மண்பாசி என்றால் கண்ணாடிப் பெட்டி மாதிரி தெரியும். இது இரண்டும் இல்லை. "அழகாத்தான் இருக்குது" என்றார் அவர்.

சென்னையில் எனக்கு மீன் அனுப்புகிற வியாபாரி ஒருவர் உண்டு. வீடியோ எடுத்து அவருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"டைனோ, டைனோஃப்ளாஜெல்லேட்டுபா அது. பாசியே கெடயாது, வேற ஜென்மம். தண்ணி எப்டி இருக்கு?"

"ரொம்ப சுத்தமா இருக்குண்ணே. நைட்ரேட் துளிகூட இல்ல."

"அதாம்பா வெனை. தண்ணில ஒண்ணுமே இல்லன்னா மத்த பாசியெல்லாம் பட்டினில பூடும். இது மட்டும் நிக்கும். நீ சுத்தம் பண்ணி சுத்தம் பண்ணி அதுக்கு எடம் காலி பண்ணிக் குடுத்துக்கிற. தண்ணி மாத்தறத நிறுத்து. அந்த உறிஞ்சி மருந்த எடுத்துக் கடாசு. மீனுக்கு நல்லா சாப்பாடு போடச் சொல்லு, தண்ணி கொஞ்சம் அழுக்காவட்டும். ஆமா, இன்னா போடறாங்க அந்த வூட்ல?"

"எறாதான். ஃப்ரீஸர்ல டப்பா வாங்கி வெச்சிருக்கேன். ரெண்டு வேளை."

"நீ பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. எத்தனையோ வருஷமாக வீடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தேன். கூடம் வரை போவேன், தொட்டியைப் பார்ப்பேன், வந்துவிடுவேன். யார் வீட்டுச் சமையலறையையும் எட்டிப் பார்த்ததில்லை. கூச்சம்தான்.

நேரே முதலியார்பேட்டைக்குப் போனேன். அம்மா கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தார். ஐயா தொட்டி முன்னால் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அம்மா, ஃபிரிஜ்ல மீனுக்கு வெச்ச எறா டப்பா இருக்குதுல்ல, அத ஒரு தடவ பாக்கணும்."

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "புரட்டாசி பொறந்தன்னிக்கே எடுத்துக் குடுத்துட்டனே. எதிர் வூட்டு பிலோமினாவுக்கு."

"குடுத்துட்டீங்களா?"

"பின்ன? இந்த வருசம் அவருக்காக வேண்டிக்கினு இருக்கேன் தம்பி. மாசம் முழுக்க வாசப்படிக்கு உள்ள கவிச்சி வரக் கூடாது. அதுல மீனுக்கு ஒரு கணக்கு, மனுசனுக்கு ஒரு கணக்கா? அதுவும் நம்ம வூட்டுலதான இருக்குது." பூவைக் கீழே வைத்தார். "உனக்குத் தெரியும்னு நெனச்சேன். நீயுந்தான புரட்டாசி இருக்கறவன். நெத்தியில நாமம் போட்டுக்கினுதான வர சனிக்கிழமயில?"

நானும் இருக்கிறவன்தான். என் வீட்டிலும் மாதம் பிறப்பதற்கு முதல் நாள் கருவாட்டுச் சட்டியைப் பரண்மேல் போட்டிருந்தோம். என் கையாலேயே போட்டேன். இங்கே எறா டப்பா என்ன ஆகும் என்று எனக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. முந்தின வருஷங்களில் அவர்கள் சாப்பிட மாட்டார்களே தவிர, மீனுக்கான டப்பா ஃப்ரீஸரில் இருந்தது. இந்த வருஷம் வேண்டுதல். அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தம்பிகளே, பாடம் என்று ஒன்று எழுத வேண்டும் என்றால் அது இதுதான். மருந்துப் பேர் கேட்பதற்கு முன்னால் அந்த வீட்டில் மீன் என்ன சாப்பிடுகிறது என்று கேளுங்கள். சமையலறைக்குப் போய்க் கேளுங்கள். என் கூச்சத்தால் இரண்டு வாரம் போனது. இதற்கு மேல் நடந்ததில் என்ன பாடம் என்று எனக்கே தெரியவில்லை. இருந்தாலும் விட்டுவிட்டு எழுத மனம் வரவில்லை.

"அப்ப மீனுக்கு என்னம்மா போடறீங்க?"

"மொத்தமா பட்டினியா போடுவாங்க? காலைல ஒரு சிட்டிக இது போடறேன்." அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து வந்தார். உருண்டைத் தீனி, கடுகு அளவு. பையன் போன தடவை வந்தபோது பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. லேபிள் முழுக்க பிரெஞ்சு.

ஒரு நாள் முழுக்க ஒரே ஒரு சிட்டிகை. அதற்கு மேல் நான் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன். பெரிய மீனைப் பார்த்தேன். வயிறு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சின்னது நின்றது. புரட்டாசி முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. பத்து நாள் தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு நாள் தாங்கினால் அதிகம்.

"இதையே நாலு வேளை போடுங்கம்மா. நல்லா போடுங்க. தண்ணி கலங்குனா கலங்கட்டும். வெளக்கு, ஐயா ஒக்கார்ற ரெண்டு மணி நேரம் மட்டும் எரியட்டும். நான் வந்து சளிய மட்டும் எடுக்கறேன், தண்ணி மாத்த மாட்டேன்."

அம்மா பாட்டிலை மூடப் போனார். பாதியில் நின்றார்.

"தம்பி, இது எதுல செய்யறாங்க?"

எனக்குத் தெரியும். இதே தீனி இங்கிலீஷ் லேபிளோடு நம் கடைகளில் வருகிறது. எழுத்துக் கூட்டி நானே படித்திருக்கிறேன். முதலில் போட்டிருப்பது மீன் தூள். அடுத்தது எறா தூள். பாசி கடைசியில்தான் வரும். மூடியைத் திறந்தாலே கருவாட்டு வாசனை அடிக்கும். மூன்று வாரமாக அந்த மூடியைத் தினம் திறந்தவர் இதை எப்படிக் கேட்கிறார் என்றும் எனக்குப் புரியவில்லை.

உண்மையைச் சொன்னால் வேண்டுதல் அன்றைக்கே போயிற்று. மூன்று வாரமாக அவர் கையாலேயே கெட்டிருக்கிறது என்று ஆகும். புருஷனுக்காக இருந்த விரதம் அது. பாட்டில் எதிர் வீட்டுக்குப் போகும், மீன் இரண்டும் சாகும், ஐயா கை மடியிலேயே கிடக்கும். சொல்லாவிட்டால் பெருமாளுக்கு இருக்கிற ஒருவரை நான் ஏமாற்றுகிறேன். நானும் அதே பெருமாளுக்குத்தான் இருக்கிறேன்.

"எனக்கு பிரெஞ்சு தெரியாதும்மா" என்றேன். அது பொய் இல்லை.

"எனக்குக் கொஞ்சம் தெரியும். பிரான்சுல பத்து வருசம் கடைக்கிப் போயி வந்தவதான். இரு, கண்ணாடி எடுத்தாறேன்." பாட்டிலை டேபிள்மேல் வைத்துவிட்டு உள்ளே போனார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாற்காலி கிறீச்சிட்டது. ஐயா சாய்ந்து, இடது கையை நீட்டி, பாட்டிலை எடுத்துக்கொண்டார். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்தார். ரொம்ப நேரம் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தில் பாதிதான் அவர் சொன்னபடி கேட்கும்.

அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். "குடுங்க."

ஐயா கொடுக்கவில்லை. பாட்டிலைப் பிடித்தபடியே அம்மா பக்கம் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் மேல் வரிகளை மறைத்துக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரலால் அடி வரியைத் தட்டினார்.

"அல்க்" என்றார்.

"பாசியாங்க?"

"உய்."

"மேல என்னா போட்டிருக்குது? விரல எடுங்க."

ஐயா விரலை எடுக்கவில்லை. "அல்க்" என்று மறுபடி சொன்னார், சத்தமாக. அம்மா பாட்டிலைப் பிடித்து ஒரு தடவை இழுத்தார். அவர் விடவில்லை. வாதம் வந்த பிறகு அந்தக் கைக்கு அத்தனை பிடி இருந்ததை நான் பார்த்ததில்லை. ஒருவேளை பிடித்ததை விடத் தெரியாமல் கை அப்படி இறுகிக்கொண்டதோ என்னவோ. நல்ல கைக்கும் சில நேரம் அந்த மாதிரி ஆகும் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னதாக அம்மாவே முன்பு சொல்லியிருக்கிறார். விரல் வேண்டுமென்று அங்கே வைத்ததா, தானாக விழுந்ததா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது.

அம்மா கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"வூட்டு எஜமானரே படிச்சிச் சொல்லிட்டாரு. அப்புறம் என்னா" என்றார். என்னிடம் சொன்னாரா, பூஜை அலமாரியைப் பார்த்துச் சொன்னாரா என்பதும் தெரியவில்லை. "நாலு வேளன்னியே தம்பி. ஒவ்வொரு வேளையும் எத்தினி சிட்டிக?"

"ரெண்டும்மா" என்றேன்.

மறுநாள் நாலு வேளையும் போட்டார்களாம். பெரிய மீன் சாயங்காலம் இரண்டு உருண்டை தின்று ஒன்றைத் துப்பியது என்று அம்மா போனில் சொன்னார். அன்றைக்கு எனக்கு உழவர்கரையில் வேறொரு வீட்டில் பம்ப் மாற்றுகிற வேலை இருந்தது. நான் அங்கே போய்விட்டேன்.